நீட் ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு மொத்தப் பணத்தையும் ஒரே தடவையா கட்டாதீங்க. எங்களுக்கு 1,20,000 ரூபாய் போச்சு

நேத்து சாயங்காலம் நாலாவது தடவையா அந்த கோச்சிங் சென்டருக்குப் போய் வெறும் கையோட திரும்பி வந்தேன். ராத்திரி பூரா தூக்கம் இல்லை. கோபம் ஆறினா எழுதாம விட்டுடுவேன்னு இப்பவே உட்கார்ந்து எழுதறேன். பேரைப் போடாதேன்னு அப்பா சொல்லிட்டார், ஏன்னா தங்கச்சியோட பன்னெண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட் இன்னும் அவங்க பீரோவுலதான் இருக்கு. பைபாஸ் ஓரமா, ஹாஸ்டலோட இருக்கற ஒரு நீட் கோச்சிங் சென்டர். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தங்கச்சி 2025 நீட் எழுதினா. பிசிக்ஸ் காலை வாரிடுச்சு, 720க்கு 374 மார்க்தான் வந்தது. அவ படிச்சது அரசு உதவிபெறும் பள்ளி. மெடிக்கல் சீட்டுல இருக்கற 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படிச்ச பிள்ளைகளுக்கு மட்டும்தான், அதனால அந்தக் கதவும் கிடையாது. "அண்ணா, ஒரே ஒரு வருஷம் குடு, எடுத்துடறேன்"னு கேட்டா. எப்படி மாட்டேன்னு சொல்றது? நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் செக்ஷன், அப்பா தறி ஓட்டறவர். ஒரு வருஷம் இழுத்துப் பிடிச்சிடலாம்னு ஒத்துக்கிட்டோம்.

ஜூன் கடைசியில சேர்க்கப் போனோம். முன்னாடி ஆபீஸ்ல ஒரு மேடம். தங்கச்சியைப் பக்கத்துல உட்கார வெச்சு "டாக்டர் கண்ணு வாங்க"ன்னு தலையைத் தடவிக் குடுத்தாங்க. அப்புறம் கால்குலேட்டரை எங்க பக்கமா திருப்பிக் காட்டினாங்க: தவணையா கட்டினா 1,45,000, மொத்தமா கட்டினா 1,20,000. பத்து மாசம், சாப்பாடு, ஹாஸ்டல், மெட்டீரியல் எல்லாம் சேர்த்து. 25,000 மிச்சம் ஆகுதேன்னு எங்க கண்ணு அதுலயே நின்னுடுச்சு.

அப்பா மட்டும் கேட்டார், "நடுவுல ஏதாச்சும் ஆகி பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும்னா என்னங்கம்மா பண்ணுவீங்க?" உடனே பதில்: "மாசக் கணக்குப் போட்டு மிச்சத்தைக் கையில குடுத்துடுவோமுங்கய்யா. ஏழைப் புள்ளைங்க பணம் எங்களுக்கு எதுக்கு?" "அதை ஒரு பேப்பர்ல எழுதித் தந்துடுங்களேன்"னு அப்பா கேட்டார். "நமக்குள்ள எழுத்து எதுக்குங்கய்யா, நம்பிக்கைதானே?"

அந்த நிமிஷத்துல மேசைக்குக் கீழ அப்பா கையைப் பிடிச்சு, போதும் விடுங்கன்னு அமுக்கினது நான்தான். படிச்ச மேடம் முன்னாடி அப்பா இப்படி நோண்டி நோண்டிக் கேட்கறாரேன்னு எனக்குக் கூச்சமா இருந்தது. அன்னிக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா அவர் எழுதி வாங்காம எழுந்திருக்கவே மாட்டார்.

அம்மாவோட ஒன்றரைப் பவுன் செயினை அடகு வெச்ச 70,000 ரொக்கமா குடுத்தோம். என் சீட்டுப் பணம் 50,000 ஜிபேயில அனுப்பினேன். ரசீது 50,000க்கு மட்டும்தான் வந்தது. ரொக்கத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு, அதுல பென்சில்ல "70" னு எழுதி ஒரு சுழி. "ஆடிட் முடிஞ்சதும் ஒரே ரசீதா போட்டுத் தர்றோம்"னாங்க. சரின்னு தலையாட்டிட்டு வந்தோம். மார்க் ஷீட் ஒரிஜினலையும் "வெரிபிகேஷனுக்கு"ன்னு வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்காவுல நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டாங்க. திருப்பூர்ல இருக்கறவங்களுக்கு அதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை. எங்க கம்பெனிக்குப் பெரும்பாலும் அமெரிக்க ஆர்டர்தான். முதல்ல ஓவர்டைம் நின்னது, அப்புறம் வாரத்துக்கு மூணு நாள்தான் வேலைன்னு ஆயிடுச்சு. சனிக்கிழமை சம்பளம் பாதிக்கும் கீழ இறங்கினப்போ, அடகு வட்டி கட்டறதா வாடகை கட்டறதான்னு நிலைமை. தங்கச்சிதான் முதல்ல சொன்னா, "அண்ணா, நான் வீட்டுக்கு வந்துடறேன். மெட்டீரியல் என்கிட்ட இருக்கு, காலையில மெடிக்கல் ஷாப் வேலைக்குப் போறேன், மத்தியானத்துக்கு மேல படிச்சுக்கறேன். மிச்சப் பணத்தை வாங்கி செயினை மீட்டுடு." செப்டம்பர் 20 அவளைக் கூட்டிட்டு வந்தோம். மூணு மாசத்துக்கு 36,000 போனாலும் 84,000 திரும்பி வரணும்.

முதல் தடவை போனப்போ அக்கவுண்ட்ஸ் சார் லீவு. அடுத்த தடவை, சேர்மன் கையெழுத்து வேணும், சேர்மன் வெளியூர். வாட்ஸ்அப்ல போட்ட பதினோரு மெசேஜுக்கும் நீல டிக் விழுந்தது, பதில் ஒண்ணுகூட இல்லை. மூணாவது தடவை வேற ஒரு ஆள் வந்து, "உங்க சொந்தத்துல யாராச்சும் ரிப்பீட் பண்றாங்களா? அவங்களைச் சேர்த்து விடுங்க, அதுல கழிச்சுத் தர்றோம்"னான். நாங்க ஏமாந்தது பத்தாதுன்னு இன்னொரு குடும்பத்தைக் கொண்டு வந்து விடணுமாம்.

நேத்து தங்கச்சியையும் கூட்டிட்டுப் போனப்போ அந்த மேடமே இருந்தாங்க. அதே நாற்காலி, அதே கால்குலேட்டர். துண்டுச் சீட்டை எடுத்து வெச்சேன். புரட்டிப் பார்த்துட்டு, "இதுல எங்க பேரே இல்லையேங்க. ரசீதுல 50,000தான் இருக்கு, அது அட்மிஷனுக்கும் மெட்டீரியலுக்கும் சரியா போச்சு"ன்னாங்க. கோச்சிங் சென்டர்களுக்கு மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில வழிகாட்டுதல் போட்டிருக்கு, நடுவுல நின்னா மீதி நாள் கட்டணத்தை ஹாஸ்டல், மெஸ் பணத்தோட பத்து நாளைக்குள்ள தரணும்னு அதுல இருக்கேன்னு கேட்டேன். "அது வெறும் வழிகாட்டுதல்தானுங்க, நீங்க எங்க வேணா போய்ச் சொல்லிக்குங்க." தலையைத் தடவிக் குடுத்த அதே அம்மா, தங்கச்சி அங்க நிக்கறதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பஸ்ல வர்ற வழியெல்லாம் அவ ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தா. 1,20,000 ரூபாய். எங்க வீட்ல யாரும் அவ்வளவு பணத்தை ஒண்ணா பார்த்ததே அன்னிக்குத்தான்.

என்னென்ன பார்க்கணும், எப்படிச் சேர்க்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப முடியலை. இதை மட்டுமாவது செய்யுங்க. தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மொத்தமா கட்டாதீங்க, 25,000 கூட ஆனாலும் தவணையிலேயே கட்டுங்க. ரொக்கமா ஒரு ரூபாய் குடுக்காதீங்க. நடுவுல நின்னா எவ்வளவு தருவீங்கன்னு சீல் வெச்ச பேப்பர்ல வாங்காம எழுந்திருக்காதீங்க. ஒரிஜினலைக் குடுக்கவே குடுக்காதீங்க, ஜெராக்ஸ் போதும். ஏற்கெனவே மாட்டிட்டவங்க 1915க்குப் போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நாம கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா வழக்குப் போட கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

நான் இன்னிக்குக் காலையில 1915ல புகார் பதிஞ்சுட்டேன். ஜிபே விவரம், ரசீது, துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். திங்கட்கிழமை மார்க் ஷீட்டைக் கேட்டு மறுபடி போறேன், இந்தத் தடவை அப்பாவையும் கூட்டிட்டு. அவர் எவ்வளவு நேரம் கேட்டாலும் நான் குறுக்கே பேசப் போறதில்லை.