படிக்கிற அம்மாக்களுக்குச் சேலம் அழகாபுரம் குழந்தைகள் காப்பகம் எப்படி?

பெரியார் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி செய்கிறேன், பாப்பாவுக்கு ஒன்றே கால் வயது. பிஎச்டி படிக்கும் பெண்களுக்கு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, அது பெரிய உதவிதான். ஆனால் விடுப்பு முடிந்தபோது பாப்பா அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். மாமியார் ஆத்தூரில் குச்சிக்கிழங்குக் காட்டை விட்டு வர முடியாது. சரி, காப்பகம்தான் என்று ஐந்து ரோட்டைச் சுற்றி மூன்று இடம் ஏறி இறங்கினேன், எல்லாமே ஆபீஸ் போகும் அம்மாக்களுக்கு, ஒன்பது முதல் ஐந்து, முழு மாதப் பணம் முன்னாலேயே. ஒரு இடத்தில் “படிக்கத்தானே போறீங்க, வீட்லயே பாத்துக்கலாமே” என்றார்கள். ரொம்ப வலித்தது.

அழகாபுரத்தில் இங்கே அப்படி யாரும் கேட்கவில்லை. அரை நாளுக்கு விடலாம், வராத நாளுக்குப் பணம் இல்லை. எனக்கு ஒரு நாள் காலையிலிருந்து லேப், இன்னொரு நாள் கைடைப் பார்க்க இரண்டு மணி நேரம், அதனால் இது ஒன்றே போதும் என்று சேர்த்தேன்.

அப்புறம்தான் ஆயாம்மாவின் கைப்பக்குவம் தெரிந்தது. பீய்ச்சி எடுத்துக் கொண்டுபோன தாய்ப்பாலை வாங்கியதும் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி மணி எழுதி ஃபிரிட்ஜில் வைத்தார், கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல் சொம்பில் சுடுதண்ணீர் ஊற்றி அதற்குள் நிறுத்திச் சூடாக்கினார். சாயங்காலம் ஒரு நோட்டு தருவார்கள். முதல் நாள் அதில் “11.40 பால் பாதி. 1.15 பருப்பு சாதம், நல்லா சாப்ட்டுச்சு. நீங்க போனதும் பத்து நிமிசம் அழுகை, அப்புறம் இல்ல கண்ணு” என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் மறுநாள் ஓமலூர் பஸ்ஸில் நிம்மதியாக உட்கார முடிந்தது.

குறையும் உண்டு. இன்வெர்ட்டர் கிடையாது. ஏப்ரலில் ஒரு மதியம் கரண்ட் போய் ஒரு மணி நேரம் பிள்ளைகள் எல்லாம் வேர்த்து ஒழுகிக் கிடந்தார்கள், ஆயாம்மா முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். சேலம் வெயிலுக்கு அதை அவசியம் போட வேண்டும். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூரிலிருந்து வரும் பஸ் குரங்குச்சாவடியில் மாட்டினால் போச்சு, முன்னாலேயே போன் செய்தால் அரை மணி நேரம் வைத்திருப்பார்கள்.

சேர்க்கும் முன் ஒரு நாள் கூடவே உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். மதியத் தூக்க நேரத்தில் போங்கள், தூங்காத பிள்ளையை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.