செம்பனைக் கம்பை வெல்டிங் செய்து “ஹீட் ட்ரீட்மென்ட்” என்று காசு வாங்குகிறார்கள், கவனம்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத் தோட்டங்களில், நுனியில் அரிவாள் மாட்டிச் செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

டவுனில் ஒரு பட்டறையில் நான்கு கம்புகள் கொடுத்தோம். கம்பு ஒன்றுக்கு ஒட்டுக்கூலி 25 வெள்ளி (ரிங்கிட்). “ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணி பழைய பலத்துக்குக் கொண்டு வர” மேலும் 40 வெள்ளி. காலையில் கொடுத்தது மாலையே கைக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் மூன்று கம்புகள் மடங்கின. மூன்றுமே ஒட்டில் மடங்கவில்லை, ஒட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி மடங்கின. கேட்டால், “அண்ணே, என் ஒட்டு விடலையே, ஒங்க ஆளுதான் முரட்டுத்தனமா இழுத்திருக்காரு” என்கிறார். ஒட்டு விடவில்லைதான். அதற்குப் பக்கத்து உலோகம்தான் பலம் இழந்துவிட்டது. தலைக்கு மேலே அரிவாளோடு கம்பு மடங்கினால் கீழே நிற்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கம்புகள் 6061-டி6 என்ற அலுமினியக் கலவை ரகம். இதில் மக்னீசியமும் சிலிக்கானும் சுமார் ஒன்றரை சதவீதம்தான். டி6 என்பது அந்தக் கொஞ்சத்தை வைத்து வெப்பத்தால் ஏற்றிய பலம். முதலில் சுமார் 530 டிகிரியில் வைத்து இரண்டையும் அலுமினியத்துக்குள் கரைக்க வேண்டும். உடனே, மெல்லிய குழாய் என்றால் 10 விநாடிக்குள், தண்ணீரில் முக்க வேண்டும். பிறகு 175 டிகிரியில் 8 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அந்த 8 மணி நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உள்ளே எங்கும் நெருக்கமாகப் பிறக்கின்றன. படிக அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் தடுப்பவை அவைதான். ஆல்ஃபிரெட் வில்ம் என்ற ஜெர்மானியர் 1906-இல் வேறொரு அலுமினியக் கலவையில் இந்தப் பதப்படுத்தலைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு விமானத்துக்கும் நம் கம்புக்கும் அடிப்படை அதுதான்.

வெல்டிங் சூடு ஒட்டின் இரு பக்கமும் சுமார் 25 மில்லிமீட்டர் வரை இந்த வேலையைக் கெடுத்துவிடும். துகள்கள் சில இடத்தில் மீண்டும் கரைகின்றன. மற்ற இடங்களில் சிறியவை சேர்ந்து பெருத்து, எண்ணிக்கை குறைந்து, இடைவெளி கூடிவிடுகிறது. அப்புறம் அடுக்குகள் சுலபமாக வழுக்கும். நல்ல டி6 கம்பு 276 மெகாபாஸ்கல் (உலோகம் தாங்கும் விசையின் அளவு) வரை நிரந்தரமாக வளையாது. ஒட்டுப் பக்கத்தில் அது ஏறக்குறைய 100-க்கு இறங்கிவிடும். எவ்வளவு கைதேர்ந்த வெல்டர் ஆனாலும் இது நடக்கும், அதில் அவர் குற்றம் இல்லை. செய்யாத வேலைக்குக் காசு வாங்கியதுதான் குற்றம்.

அங்கே நடந்தது இவ்வளவுதான்: ஒட்டைச் சுற்றி சோப்பு தேய்த்து, கேஸ் தீயைக் காட்டி, சோப்பு கறுத்ததும் நிறுத்தித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். தகடு வேலை செய்பவர்கள் அலுமினியத்தை மடிப்பதற்கு முன் அதை இளக்கச் செய்யும் வேலை அது! பலம் ஏற்றச் சொன்னோம், இருந்த பலத்தையும் இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். தீயைக் கையில் பிடித்து 530 டிகிரிக்குக் கொண்டுபோவதும் நடக்காத காரியம். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, 582 டிகிரியில் உருகவே தொடங்கிவிடும். முழு நீளக் கம்பு நுழையும் அடுப்பும் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியும் இல்லாத பட்டறை டி6 செய்து தர முடியாது. காலையில் கொடுத்து மாலையில் வாங்கிக்கொள் என்று சொன்னாலே சந்தேகப்படுங்கள்.

ஒட்டுப் பக்கத்தில் பலம் இறங்கியிருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. தானாக அடிக்கும் சென்டர் பஞ்ச் (உலோகத்தில் புள்ளிக் குழி போடும் கூர்முனைக் கருவி) ஒன்று வாங்குங்கள், ஸ்பிரிங் இருப்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே விசையில் அடிக்கும். ஒட்டிலிருந்து 10, 20, 40, 100 மில்லிமீட்டரில் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். எங்கள் கம்பில் 100-இல் வைத்த குழி கடுகளவு. 10-இல் வைத்தது அதைவிட அகலமாக, விளிம்பு புடைத்து நின்றது, அங்கே உலோகம் இளகிவிட்டது என்று அர்த்தம். செகண்ட்-ஹேண்ட் கம்பு வாங்குகிறவர்களும் பெயின்டைச் சுரண்டி, அடியில் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் பட்டையாக ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அங்கேதான் சுரண்ட வேண்டும்.

மடங்கிய கம்பை ஒட்டாதீர்கள், தீ காட்டி நிமிர்த்தவும் வேண்டாம். மடங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இறுக்கமாக நுழையும் டி6 குழாய்த் துண்டை வைத்து இணையுங்கள். 50 மில்லிமீட்டர் கம்புக்குப் பக்கத்துக்கு 150 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். எபாக்சி பசை பூசி, அலுமினிய ரிவெட் அடியுங்கள். துளைகளை ஒரே வளையத்தில் போடாமல் தள்ளித் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் அந்த வளையத்திலேயே கிழியும். சாதாரண இரும்பு ஆணி போட்டால் மழையும் உரத்தூளும் சேர்ந்து சுற்றியிருக்கும் அலுமினியத்தை அரித்துவிடும்.

நான்காவது கம்பு இன்னும் மடங்கவில்லை. பஞ்ச் அடித்துப் பார்த்தபின் அதையும் ஒட்டோடு வெட்டிவிட்டோம்.