சோலார், மின்சார கார் சார்ஜர் இரண்டும் சேர்ந்த ‘பேக்கேஜ்’: எங்களுக்கு ரூ.1,23,000 போய்விட்டது, பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இன்று மதியம்தான் இ.பி. ஆபீஸில் உறுதியாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் பேனல்களுக்கு மத்திய அரசின் மானியம் ரூ.78,000 கிடையாது. தாமதமாக வரும் என்பதுகூட இல்லை, வரவே வராது. சுவரில் மாட்டியிருக்கும் ரூ.45,000 கார் சார்ஜரும் எங்களுக்குப் பயன்படாது. மொத்தம் ரூ.1,23,000. கை நடுங்கும் கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது பல்லடத்தில். எனக்கு வேலை கோவையில், போக வர 80 கிலோமீட்டர். பழைய காருக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போனது. அதனால் 24 யூனிட் பேட்டரி உள்ள சிறிய மின்சார கார் வாங்கினோம். மாடி சும்மாதானே கிடக்கிறது, சோலாரும் போட்டுவிட்டால் காரும் வீடும் அதிலேயே ஓடும் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். யோசனையில் தவறே இல்லை. இன்றைக்கும் அதே கருத்துதான். கார் அருமையாக ஓடுகிறது. எங்களை ஏமாற்றியவர்கள் நடுவில் வந்தவர்கள்.

சோலார் விலைகளை ஒப்பிட்டுக் காட்டி, உள்ளூர் நிறுவனத்தோடு சேர்த்துவிடும் ஒரு இணையதளம். பெயர் போடவில்லை, புகார் நடக்கிறது. இ.பி. பில்லின் படத்தை அதில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே போன் வந்தது. மறுநாள் அவர்களுடைய ‘பார்ட்னர்’ நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார்.

அந்தத் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு வருபவரும் இப்படித்தான் இருப்பார். உச்சி வெயிலில் மாடி ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை விழும் என்று அளந்தார். பக்கத்து வீட்டுத் தென்னை மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் நிழல் தட்டும், அதனால் பேனலைக் கிழக்குப் பக்கமாகத் தள்ளித் தெற்கு பார்த்து வைக்கலாம் என்றார். எல்லாம் சரியான பேச்சு. என் கணவர் 5 கிலோவாட் போடலாமா என்று கேட்டார். அவர் உடனே மறுத்தார். “வேண்டாங்க அண்ணா. மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000, மூணாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் மானியம் ஏறாது. உங்க வீட்டுக்கும் காருக்கும் 3 கிலோவாட்டே தாராளம். எதுக்கு வீண் செலவு?”

பெரியதாக விற்க வந்தவர் சின்னதே போதும் என்று சொன்னதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. மானியக் கணக்கு துல்லியமான உண்மை, 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்த உண்மையின் மேல் பொய்யை வைத்து விற்றார். மாமியாரிடம், “அம்மா, எங்க வீட்டுக்குப் போடுற மாதிரி போட்டுத் தர்றேன்” என்றார். என்னிடம், “அக்கா, கரண்ட் போனாக்கூட வெயில் இருந்தா உங்க கார் சார்ஜ் ஏறிட்டே இருக்கும். கார் சார்ஜர் 7.2 கிலோவாட், பாதி நேரத்துல ஃபுல் ஆயிடும்” என்றார்.

சோலார் ரூ.2,10,000, சார்ஜர் ரூ.45,000, சேர்த்து ரூ.2,55,000. மானியம் ரூ.78,000 கழித்தால் நிகர விலை ரூ.1,77,000 என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்பினார். மானிய விண்ணப்பத்துக்கு என்று சொல்லி ஆதார், இ.பி. இணைப்பு எண், வங்கிப் பாஸ்புக் படம், போனுக்கு வந்த ஓ.டி.பி. எல்லாம் வாங்கிக்கொண்டார். முன்பணம் கொடுத்தோம், பேனல் ஏறியதும் மீதியும் கொடுத்துவிட்டோம். 540 வாட் பேனல் 6. இ.பி.க்கு நாம் கொடுக்கும் மின்சாரத்தையும் எடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டரும் வந்தது. எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் தெரிந்தது.

முதலில் சார்ஜர். காரை மாட்டினால் கொஞ்ச நேரத்தில் எம்.சி.பி. (தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும், இல்லையென்றால் எர்த் கோளாறு என்று சிவப்பு விளக்கு எரியும். எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். 7.2 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர். அதற்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்திருக்க வேண்டும், அவர்கள் இழுத்திருந்தது 2.5. எர்த்துக்குத் தனிக் குழி தோண்டவில்லை, வீட்டுப் பழைய எர்த்திலேயே முறுக்கி விட்டிருக்கிறார்கள். எங்களுடையது சிங்கிள் ஃபேஸ் இணைப்பு, அனுமதி வாங்கிய லோடு 4 கிலோவாட். அதில் 7.2 கிலோவாட் சார்ஜரை மாட்டவே கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. ராத்திரி எல்லோரும் தூங்கும்போது அந்த வயர் சூடாகி உருகியிருந்தால்?

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்தில் சார்ஜ் செய்யும்போது எவ்வளவு ஏறும் என்பது காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜரைப் பொறுத்தது. எங்கள் காரில் இருப்பது 3.3 கிலோவாட். சுவரில் 7.2 மாட்டினாலும் 22 மாட்டினாலும் 3.3-க்கு மேல் ஏறாது. எங்கள் காரின் மாடலும் வேரியன்டும் அந்தத் தம்பிக்குத் தெரியும், கேட்டு எழுதிக்கொண்டு போனார். காரோடு கொடுத்த 15 ஆம்பியர் கேபிளே 3.3 தருகிறது, எட்டு மணி நேரம் போட்டால் பேட்டரி நிறைந்துவிடும். ஆக அந்த ரூ.45,000 பெட்டி முதல் நாளிலிருந்தே தேவையில்லாதது.

அப்புறம் மாதாந்திர பராமரிப்பு மின்தடை வந்தது. அன்று நான் லீவு, கார் வீட்டில், வெளியே கொளுத்தும் வெயில். சோலார் இன்வெர்ட்டர் செத்துக் கிடந்தது. போன் செய்தால் “செட்டிங்ஸ் மாத்தணும் மேடம், ஆள் அனுப்புறோம்” என்றார்கள். வந்த டெக்னீஷியன், பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார். இது கிரிட்டோடு, அதாவது இ.பி. லைனோடு, இணைந்த இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து போகும் மின்சாரம் ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோதும் சோலார் வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், தனிச் செலவு. “கரண்ட் போனாக்கூட ஏறும்” என்று சொன்னவருக்கு இது தெரியாதா?

‘3 கிலோவாட் தாராளம்’ என்றதும் பொய். நல்ல வெயில் நாளில் 3 கிலோவாட் ஏறக்குறைய 12 யூனிட் தரும். என் கார் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுகிறது, 80 கிலோமீட்டருக்கு 11, 12 யூனிட். மாடியில் விளைவது முழுவதையும் வேலை நாட்களில் கார் ஒன்றே சாப்பிட்டுவிடும். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் இ.பி. கணக்கில்தான். பகலில் கார் கோவையில் நிற்கிறது, இரவில்தான் சார்ஜ் போடுகிறேன். நெட் மீட்டர் இருப்பதால் பகலில் கொடுத்ததை இரவில் கழித்துக்கொள்ளலாம், அது வரைக்கும் சரி. ஆனால் பில் பூஜ்யமாகும் என்று சொன்ன வாய் எது?

இனி அந்த ரூ.78,000. மாதங்கள் போயும் கணக்கில் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரு பதில். போர்ட்டல் சர்வர் டவுன். ஆய்வு பாக்கி. மார்ச் கணக்கு முடிப்பு. சாரை லைனில் பிடிக்கிறோம். கடைசியில், மாடியில் அளந்த அந்தத் தம்பி “வேலையை விட்டுப் போயிட்டார் மேடம், அவர் சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்ல.” இணையதளத்தைக் கேட்டால், “நாங்கள் இணைத்துவிடும் தளம் மட்டுமே, பார்ட்னரிடம் பேசுங்கள்.” பார்ட்னரைக் கேட்டால், “தளத்தில் டிக்கெட் போடுங்கள்.” டிக்கெட் போட்டேன். யாரும் ஒரு வார்த்தை பேசாமலே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. திரும்பப் போட்டேன், திரும்பவும் ‘தீர்க்கப்பட்டது’. எது தீர்ந்தது? என் ரூ.1,23,000 எங்கே?

இன்று லீவு போட்டுவிட்டு இ.பி. ஆபீஸ் போனேன். உதவிப் பொறியாளர் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார். மானியத்துக்கான தேசிய போர்ட்டலில் எங்கள் இணைப்பு எண்ணில் விண்ணப்பமே இல்லை. நெட் மீட்டருக்கு மட்டும் மானியமில்லாத சாதாரண விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று பேனலின் பின்பக்கப் படத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பேனலுக்குள் இருக்கும் சோலார் ‘செல்’, பேனல் இரண்டுமே இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம், அதைத்தான் டி.சி.ஆர். பேனல் என்கிறார்கள். எங்களுக்குப் போட்டது அது இல்லை, விலை குறைந்த சரக்கு. மானியத்தோடு என்று விலை பேசி, மானியமே வர முடியாத பேனலை ஏற்றிவிட்டு, மாதக்கணக்கில் “வந்துடும் மேடம்” என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மாடிக்கு வந்து ஆணி அடித்துவிட்டுப் போனவர்களுக்கு அது முதல் நாளே தெரியும். இதை எப்படி மன்னிப்பது?

வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 2020-இன் மின் வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்தத் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டேன், அலுவலர் பெயரே இல்லை. திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம்.

நீங்கள் சோலார் போடுவதாக இருந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தேசிய போர்ட்டலில் உங்கள் கையால் உங்கள் போன் எண்ணில் பதிவு செய்யுங்கள், ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீர்கள். கொட்டேஷனிலும் பில்லிலும் ‘டி.சி.ஆர். பேனல்’ என்று எழுதி வாங்குங்கள், பேனல் கீழே இருக்கும்போதே ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் படம் எடுங்கள். மானிய விண்ணப்ப எண்ணைக் கண்ணால் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சார்ஜரை சோலார்காரரிடம் வாங்காதீர்கள், காரில் உள்ள சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று கார் ஷோரூமில் கேளுங்கள், வீட்டு லோடும் எர்த்தும் தெரிந்த எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள்.

எலக்ட்ரீசியன் அண்ணன் காலையில் வந்து அந்த 2.5 வயரைக் கழற்றப் போகிறார். கழற்றும் முன் ஆணையத்துக்காக எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்க வேண்டும்.