நெக் ரீசெட் செய்ததாகச் சொன்னார். நெக் கழலவே இல்லை

பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை நெக் ரீசெட்டுக்கு, அதாவது அதன் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தித் திரும்ப ஒட்டும் வேலைக்கு, கொடுக்கப் போகிறீர்களா? கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது மார்ட்டின் கம்பெனி 1959-ல் செய்த டி-18 மாடல். பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் விரல் பட்டுப் பட்டு நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் முதல் மூன்றுக்கு நடுவே மரத்தில் குழி விழுந்திருக்கும். வாசிக்கத்தான் முடியாமல் போயிற்று. 12-வது ஃபிரெட்டில் தடித்த ஈ கம்பி 4 மி.மீ. உயரத்தில் நின்றது, இரண்டரைக்குள் இருந்தால்தான் கைக்குச் சுகம். கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடிலை யாரோ எப்போதோ தேய்த்துத் தேய்த்து, அது செருகியிருக்கும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டைக்கு மேல் நகக்கீற்று அளவுக்குத்தான் தெரிந்தது. இனி அதைத் தேய்க்க வழியில்லை.

இது யாருடைய தவறும் இல்லை, வயதின் கணக்கு. ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ பாரத்தில் இழுக்கின்றன. பல பத்தாண்டுகள் இழுத்தால் மேற்பலகை மெல்லப் புடைக்கும், நெக் முன்னால் சாயும், கம்பி உயரும். அதற்குச் சரியான மருந்து நெக் ரீசெட்தான். நெக்கை உடலோடு பூட்டியிருக்கும் டவ்டெயில் என்ற புறாவால் வடிவ மர இணைப்பை ஆவியோ சூடோ கொடுத்து இளக்கி, நெக்கைக் கழற்றி, உடலோடு சேரும் நெக்கின் குதிகாலான ஹீலின் அடிப்பக்கம் மரத்தைச் சீவி, கோணத்தைப் பின்னால் சாய்த்துத் திரும்ப ஒட்ட வேண்டும். சீவுவது மிகக் கொஞ்சம். பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் 3 மி.மீ. வித்தியாசம் வேண்டுமென்றால் ஹீல் அடியில் ஏறக்குறைய 1 மி.மீ. போனால் போதும். அந்த ஒரு மி.மீ.க்காகத்தான் அத்தனை பாடும் அத்தனை கூலியும்.

நான் போன ஆள் நன்றாகவே பேசினார். ஃபிரெட்டுகளின் மேல் நீளமான இரும்பு ஸ்கேலை வைத்து, அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. கீழே போய் முட்டுவதைக் காட்டினார். "இது மேல உரசி நிக்கணும் தம்பி. நெக்கைக் கழட்டித்தான் ஆகணும்" என்றார். சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் நம்பினேன்.

ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டார். அதே ஸ்கேலை வைத்தார். பிரிட்ஜின் மேல் அழகாக உரசி நின்றது. புது சேடில், ஆக்ஷன், அதாவது 12-வது ஃபிரெட்டில் கம்பியின் உயரம், 2.4 மி.மீ. முழு ரீசெட்டுக்கான கூலியைக் கொடுத்துவிட்டு, கண் கலங்கத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வாசிக்க வாசிக்க ஏதோ குறைந்தது. கை சுகமாக இருந்தது, ஆனால் சத்தத்தில் அந்தப் பழைய நெஞ்சொலி இல்லை. புதுக் கம்பி போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. நான்காவது மாதம் சேடில் முன்னால் சாய்ந்தது. அடுத்து, கம்பி முனைகளைப் பிடிக்கும் பின்கள் இறங்கும் ஆறு துளைகளையும் கோத்தபடி பிரிட்ஜில் மயிரிழை விரிசல் ஓடியது.

வேறொருவரிடம் எடுத்துப் போனேன். அவர் ஸ்கேலைத் தொடவே இல்லை. முதலில் பிரிட்ஜின் கனத்தை அளந்தார்: 5.5 மி.மீ. ஏறக்குறைய 9 இருக்க வேண்டியது. அப்புறம் பிரிட்ஜ் அருகே மேற்பலகையிலிருந்து கம்பி எவ்வளவு உயரம் என்று பார்த்தார்: எட்டரை. அங்கே 12 மி.மீ. சுற்றி இருக்க வேண்டும். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நெக்கை யாரும் தொடலைங்க. பிரிட்ஜைச் சீவியிருக்காங்க" என்றார்.

நெக்கை மேலே கொண்டுவருவதற்குப் பதில் பிரிட்ஜைக் கீழே இறக்கியிருக்கிறார்! அப்படிச் செய்தாலும் ஸ்கேல் உரசித்தான் நிற்கும். கம்பி பலகைக்கு நெருங்கிவிட்டதால் பலகையை ஆட்டும் வலு குறைந்து, ஒலி மெலிந்தது. பிரிட்ஜைச் சீவியதில் சேடில் உட்காரும் பள்ளமும் ஆழம் குறைந்து, பிடிப்பில்லாமல் சேடில் சாய்ந்தது. மெலிந்த மரம் பிளந்தது. எல்லாம் ஒரே வேலையின் விளைவு.

முதல் ஆள் கொடுத்த பில்லை இந்த இரண்டாமவரிடம் காட்டினேன். அதில் 'நெக் ரீசெட்', அதற்குக் கீழே 'ட்ரஸ் ராட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒரு வரி. ட்ரஸ் ராட் என்பது நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் இரும்புக் கோல். மார்ட்டின் கிட்டார்களில் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் வந்தது 1985-ல். என் கிட்டாரின் நெக்குக்குள் இருப்பது அசையாத டி வடிவ இரும்புப் பட்டை. இல்லாத ஒன்றைத் திருகியதற்கும் முதல் ஆள் என்னிடம் காசு வாங்கியிருக்கிறார். அன்றைக்கே அந்த வரியை நான் படித்திருக்க வேண்டும்.

முதல் ஆளிடம் போய்க் கேட்டேன். "ஆக்ஷன் இறங்கிடுச்சில்ல? அதுதானே கேட்டீங்க?" என்றார். பணம் திரும்பி வரவில்லை. விலை குறைந்த கிட்டாரில், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு பிரிட்ஜைக் கொஞ்சம் சீவுவதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். சொல்லாமல் செய்து, செய்யாததற்குக் கூலி வாங்கியதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அறுபது வருடப் பழைய பிரிட்ஜ் அது. சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஆகவே, கொடுப்பதற்கு முன்பே பிரிட்ஜின் கனத்தையும், அங்கே கம்பியின் உயரத்தையும் நீங்களே அளந்து, அவர் முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய நெக்கும் காலியான டவ்டெயில் பள்ளமும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ வேண்டும் என்று கேளுங்கள். நிஜமாகச் செய்கிறவர் இதற்குக் கோபப்படமாட்டார். 14-வது ஃபிரெட்டில் உடல் சேரும் கிட்டார் என்றால், ஆவி கொடுத்துக் கழற்றுகிறவர்கள் பெரும்பாலும் 15-வது ஃபிரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில்தான் ஆவி செலுத்தத் துளை போடுவார்கள். எங்கே துளை போடப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். எந்தப் பசையில் திரும்ப ஒட்டுவார் என்பதும் முக்கியம். எபாக்ஸி என்று சொன்னால் கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த முறை மரம் உடையாமல் கழற்றுவது பெரும்பாடு.

இரண்டாமவர் நெக்கைக் கழற்றிய அன்று நான் பக்கத்தில் இருந்தேன். 15-வது ஃபிரெட்டுக்கு அடியில் பழைய துளை எதுவும் இல்லை. ஈரச் சூட்டில் நெக் மெல்ல அசைந்து மேலே வந்தது. உள்ளே மூலையில், ஆவி எட்டாத இடத்தில், விலங்குத் தோலில் காய்ச்சிய தோல் பசை தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. 1959-ல் யாரோ தடவியது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் வெளிச்சத்தைப் பார்த்தது.

இப்போது புது பிரிட்ஜ், 9 மி.மீ. பலகையிலிருந்து கம்பி 12. நெஞ்சொலி திரும்பிவிட்டது. விரிசல் விட்ட பழைய பிரிட்ஜை அந்த பில்லில் சுற்றி கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.