11,204 மைல் காடிலாக்: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன வருஷம் 26,000 டாலர் கொடுத்து 1976 காடிலாக் எல்டொராடோ கன்வெர்ட்டிபிள் ஒன்றை வாங்கினேன். கூரையை மடக்கித் திறந்து ஓட்டும் பெரிய அமெரிக்கக் கார் அது. மீட்டரில் 11,204 மைல். உண்மையில் ஓடியிருப்பது 1,11,204. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் நான் எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இந்த வண்டிக்கு ஒரு கதை உண்டு. அது நிஜக் கதை என்பதுதான் வம்பே. வண்டி தலைகீழாக உருண்டால் ஆட்களைக் காக்க அரசு கடுமையான விதி கொண்டுவரும் என்ற பயம் எழுபதுகளில் இருந்தது. விற்பனையும் விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்த வண்டிகளை நிறுத்தின. கடைசியில் மிஞ்சியது எல்டொராடோ. இதுதான் கடைசி என்று சொல்லியே காடிலாக் 1976இல் 14,000 வண்டிகளைத் தயாரித்து விற்றது. அதை ஓட்டாமல், தங்கக் காசு மாதிரி வாங்கி, போர்வை போட்டு கராஜில் பூட்டி வைத்தவர்கள் நிறையப் பேர். 1984 மாடலில் காடிலாக்கே மறுபடி எல்டொராடோ கன்வெர்ட்டிபிளைக் கொண்டுவந்தபோது, இப்படிப் பூட்டி வைத்தவர்களில் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள்.

ஆக, 1976இல் வந்த இந்த வண்டி பத்தாயிரம் மைலோடு கிடைப்பது நடக்கக்கூடிய விஷயம்தான். கடைக்காரர் இதே கதையைச் சொன்னார். ஏற்கெனவே படித்துவைத்திருந்த நான், அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினேன். வேறு ஏதாவது வண்டியாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

அட்லாண்டாவிலிருந்து ஆறு மணி நேரம் ஓட்டி ஃபுளோரிடா கடற்கரைப் பக்கம் போனோம். கூட வந்தது நண்பன் ஒருவன். வெள்ளை வண்டி, சிவப்பு லெதர், கிட்டத்தட்ட பத்தொன்பது அடி நீளம். பட்டனை அமுக்கினால் கூரை மெதுவாக மடங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்திலேயே பாதி விழுந்துவிட்டேன். நாலு மணிக்கு இன்னொருவர் பார்க்க வருகிறார் என்றார் கடைக்காரர். "டேய், விட்டா போயிடும்" என்றான் நண்பன். உள்ளூர் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்ட இருநூறு முந்நூறு டாலர் ஆகும் என்று தெரியும். அந்தக் காசை மிச்சப்படுத்தினேன்!

இப்போது அந்த மீட்டர் விஷயம். அதில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். யாரும் மீட்டரைத் திருத்த வேண்டியதே இல்லை, சும்மா இருந்தால் போதும். டைட்டில் எனப்படும் உரிமைக் காகிதத்தில் மைல் எழுதும் இடத்தில் 'விலக்கு' என்று இருந்தது. பழைய வண்டிகளுக்கு மைல் உறுதிமொழி தர வேண்டியதில்லை என்பது சட்டமே. 2010 மாடலும் அதற்கு முந்தையவையும் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். வண்டியின் அடையாள எண்ணைப் போட்டு ஆன்லைனில் வரலாறு எடுக்கலாமே என்று கேட்பீர்கள். 17 எழுத்து அடையாள எண் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. இந்த வண்டியினுடையது 13 எழுத்து. அதைப் போட்டால் அந்தத் தளங்களில் பெரும்பாலும் எதுவும் வராது.

விளம்பரத்தையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். "மீட்டர் காட்டுவது 11,204" என்று எழுதியிருந்தார்கள். ஓடியது 11,204 என்று எங்கேயும் இல்லை. அதை வாயால் மட்டும்தான் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் பிரேக் மிதி கொஞ்சம் உள்ளே போகிறது என்று எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் விட்டேன். எழுபது வயதுக்காரர், காடிலாக்கைத் தயாரிக்கும் ஜி.எம். கம்பெனியின் வண்டிகளிலேயே கை பழகியவர். வண்டியை லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, குனிந்து பிரேக் மிதியின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். அச்சில் வார்த்தபோது வந்த சின்ன ரப்பர் முளைகள்கூட இன்னும் தேயாமல் இருந்தன. "பதினோராயிரம் மைல் ஓடிய வண்டிக்கு எதற்குப் புது ரப்பர்?" என்றார். அப்புறம் வண்டியைச் சாயங்கால வெயிலுக்கு எதிரே நிறுத்தி, என்னை உள்ளே உட்காரச் சொன்னார். முன் கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகக் கல் பட்ட புள்ளிகள், வைப்பர் போட்ட வில் கோடுகள். கராஜில் தூங்கிய வண்டிக்கு இது வராது.

கடைசியில் பின் சீட்டைக் கழற்றினார். அடியில் காய்ந்த இலை, ஒரு பேனா மூடி, நாலாக மடித்த ரோஸ் நிறக் காகிதம். டயர் கடை ரசீது, 1988ஆம் வருஷத்தது. மைல் என்ற கட்டத்தில் பால்பாயிண்டில் 83,406.

கீழே பார்த்தபோது தரைத் தகட்டில் புதுக் கறுப்புப் பெயிண்ட். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினார், இரண்டு இடத்தில் உள்ளே இறங்கியது. கூரை ஒழுகி, கார்ப்பெட் ஈரத்திலேயே ஊறிய துரு. பம்பருக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் கையில் அப்பளம் மாதிரி நொறுங்கின. அதற்கு மட்டும் கடைக்காரரைத் திட்ட மாட்டேன். நல்ல வண்டியிலும் அது வயதால் நொறுங்கும். எட்டு லிட்டருக்கு மேற்பட்ட அந்தப் பெரிய எஞ்சினின் டைமிங் பல்சக்கரத்தில் நைலான் பல் உண்டு, அதுவும் அப்படித்தான். நிஜமாகவே குறைந்த மைல் ஓடிய வண்டி என்றாலும் அதை மாற்றும் செலவை விலையோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். குறைந்த மைல் என்பதால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இளமையாக இருக்கும் என்று நம்பியதும் என் தப்புதான்.

கடைக்குப் போன் போட்டேன். "இருக்கிறபடியே வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார். சரி, போட்டிருக்கிறேன். விளம்பரத்தைத் தேடினால் அது எடுக்கப்பட்டிருந்தது. நண்பன் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருந்ததால் வக்கீலிடம் காட்ட ஏதோ மிஞ்சியது.

யாராவது இந்த மாதிரி வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால் பழைய சர்வீஸ் ரசீதுகளை முதலில் கேளுங்கள். வருஷமும் மைலும் வரிசையாக ஏறிவரும் நாலு காகிதம் இருந்தால் கதையே தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2309 என்றால் 2009ஆம் வருஷம் 23ஆம் வாரம். 'ஒரிஜினல் டயர்' என்று என்னிடம் சொன்னதன் மேல் அதுதான் எழுதியிருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. பின் சீட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். கூடாது என்றால் கிளம்பிவிடலாம்.

அந்த நாலு மணி ஆள் வந்தாரா என்று இன்றுவரை தெரியாது. தரைத் தகட்டு வேலைக்கு மட்டும் மெக்கானிக் 4,800 டாலர் சொல்லியிருக்கிறார். வண்டி இன்னும் அவர் லிஃப்டில்தான் இருக்கிறது.