சுரங்க நீரை ஆற்றில் விட அனுமதி: செறிவு வரம்பா, சுமை வரம்பா, ஆற்றோட்டக் கணக்கா?

சுரங்கத்து நீரை ஆற்றில் விட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால் பேச்சு உடனே "லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்?" என்பதில் போய் நிற்கும். கேள்வி சரியானதுதான். ஆனால் எவ்வளவு நீர் வருகிறது, அந்த நேரத்தில் ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது, எதை வைத்து அளக்கிறோம் என்பதையும் கேட்காமல் கொடுக்கும் அனுமதி ஆற்றைக் காப்பாற்றாது. வரம்பை ஒரு மேசையிலும் கண்காணிப்பை இன்னொரு மேசையிலும் முடிவு செய்வதுதான் இதில் நடக்கும் பெரிய கோளாறு. எந்த வரம்புக்கு எந்த அளவீடு ஒத்துவரும் என்று சேர்த்துப் பார்ப்போம்.

பழக்கத்தில் அதிகம் இருப்பது, லிட்டருக்கு இத்தனை மி.கி. என்று சொல்லும் செறிவு வரம்பு. அமெரிக்காவில் செம்பு, ஈயம், துத்தநாகம், தங்கம் எடுக்கும் பெரும்பாலான சுரங்கங்களுக்கு மிதக்கும் திடப்பொருள் (நீரில் கரையாமல் கலங்கலாக நிற்கும் துகள்) ஒரு நாளில் லிட்டருக்கு 30 மி.கி., மாதச் சராசரியில் 20 மி.கி. தாண்டக்கூடாது, பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 6-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இதன் பலம் எளிமை. அதிகாரி வந்து ஒரு பாட்டிலில் நீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் மீறலா இல்லையா என்று தெரிந்துவிடும். நீதிமன்றத்திலும் நிற்கும்.

பலவீனம் கணக்கில் இருக்கிறது. லிட்டருக்கு 0.5 மி.கி. துத்தநாகத்தோடு ஒரு நாளைக்கு 1,000 கன மீட்டர் விடும் சுரங்கம் அரை கிலோ துத்தநாகத்தை ஆற்றில் சேர்க்கிறது. மழைக்காலத்தில் அதே செறிவில் 20,000 கன மீட்டர் விட்டால் 10 கிலோ. இரண்டு நாளும் அறிக்கையில் "வரம்புக்குள்" என்றுதான் வரும். அதோடு, நல்ல தண்ணீரைக் கலந்து செறிவைக் குறைக்கும் ஆசையும் வரும். அதனால் மாதிரி எடுக்கும் இடம் வேறு எந்த நீரும் சேர்வதற்கு முன்னால் இருக்க வேண்டும் என்று அனுமதியிலேயே எழுதிவிட வேண்டும். இன்னொன்று: பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணிநேர மழையைத் தாங்கும்படி குட்டை கட்டிய சுரங்கத்துக்கு, அதற்கு மேல் பெய்யும் மழையால் வழிந்தோடும் நீருக்கு அமெரிக்க விதி சலுகை தருகிறது. சுமை அதிகமாக இறங்கும் நாளும் பெரும்பாலும் அதுதான்.

சரி, அப்படியென்றால் மொத்தச் சுமைக்கே வரம்பு போடலாமே? நாளுக்கு இத்தனை கிலோ, ஆண்டுக்கு இத்தனை டன் என்று. நீர் தங்கி நிற்கும் ஏரி, அணை போன்ற இடங்களுக்கு இதுதான் பொருந்தும், ஏனென்றால் அங்கே போனது சேர்ந்துகொண்டே இருக்கும். செலினியம் நல்ல எடுத்துக்காட்டு. அது உணவுச்சங்கிலி வழியாக மீன் முட்டைக்குள் போய்க் குஞ்சுகளை ஊனமாக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் வெளியிட்ட அளவுகோலில் ஓடும் நீருக்கு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம், தேங்கிய நீருக்கு 1.5 என்று வைத்தது. மீன் முட்டையில் உலர் எடையில் கிலோவுக்கு 15.1 மி.கி. என்ற அளவுக்கு நீர் அளவைவிட முன்னுரிமை தந்தது. நீரை மட்டும் பார்த்தால் போதாது என்பதை ஒப்புக்கொண்ட விதி அது.

ஆனால் சுமை என்பது செறிவு பெருக்கல் ஓட்டம். ஓட்டத்தைத் தவறாக அளந்தால் கிலோவும் தவறுதான். வெளியேறும் வாய்க்காலில் பெரும்பாலும் முக்கோண வெட்டுள்ள தடுப்பு வைத்து நீர்மட்டத்தைப் படிப்பார்கள். அதில் ஓட்டம் உயரத்தின் 2.5 அடுக்காக ஏறும். உயரத்தை 10 சதவீதம் கூடுதலாகப் படித்தால் ஓட்டம் சுமார் 27 சதவீதம் கூடிவிடும். தடுப்புக்குப் பின்னால் வண்டல் சேர்ந்தாலும் கணக்கு கெடும். தடுப்பைச் சுத்தம் செய்த தேதியும் அளவுகோலைச் சரிபார்த்த தேதியும் இல்லாத சுமை அறிக்கையை நான் நம்பமாட்டேன். அப்புறம், ஆண்டுக்கு என்று மட்டும் வரம்பு போட்டால் மொத்தத்தையும் ஒரே வாரத்தில் திறந்துவிட வழி இருக்கிறது. நாள் வரம்பும் கூடவே வேண்டும்.

மூன்றாவது, ஆற்றோட்டக் கணக்கு; அதாவது ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துத் திறப்பது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஹன்டர் ஆற்றுக்கு 1995-இல் சோதனையாகத் தொடங்கிய உப்பு வரவு வர்த்தகத் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. ஆற்றில் ஓட்டம் குறைவாக இருக்கும்போது நிலக்கரிச் சுரங்கங்களும் மின் நிலையங்களும் உப்பு நீரை விடவே கூடாது. ஓட்டம் அதிகமானால் ஆறு எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று கணக்கிட்டு அதை 1,000 வரவுகளாக, அதாவது உப்பு விடும் உரிமைகளாக, பங்கு போடுகிறார்கள். யாரிடம் எத்தனை வரவோ அந்த அளவு விடலாம். மிச்சமிருந்தால் இன்னொருவருக்கு விற்கலாம். வெள்ளத்தில் வரவு தேவையில்லை, ஆனால் சிங்கிள்டன் என்ற இடத்தில் ஆற்றின் மின்கடத்துத்திறன் (நீரில் உப்பு கூடக்கூட ஏறும் அளவு) சென்டிமீட்டருக்கு 900 மைக்ரோசீமென்ஸைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுரங்கமும் தன் குழாய்வாயை மட்டும் பார்க்காமல், எல்லோரும் சேர்ந்து ஒரே ஆற்றைப் பார்க்க வைக்கிறது இந்த ஏற்பாடு. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஆனால் உப்புக்குச் சரிவருவது எல்லாவற்றுக்கும் வராது. உப்பு கரைந்து கடலுக்குப் போய்விடும். செம்பும் செலினியமும் படுகையிலும் உடலிலும் தங்கும். வெள்ளத்தில் விட்டோம் என்பதற்காக அவை காணாமல் போகாது. மேலும், திறக்கும் நாள் வரும்வரை நீரைத் தேக்கி வைக்க பெரிய குட்டை வேண்டும்; அந்தக் கரையின் பாதுகாப்பு தனிக் கவலை.

கண்காணிப்புக்கு வருவோம். ஒற்றை மாதிரி மலிவு, ஆனால் எடுக்கும் விதம் முக்கியம். கரைந்த உலோகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிய பிறகுதான் நைட்ரிக் அமிலம் விட வேண்டும். வரிசை மாறினால் வண்டலில் இருக்கும் உலோகமும் கரைந்து எண்ணை ஏற்றிவிடும். சிறு சிறு அளவாகப் பல மணிநேரம் எடுத்துச் சேர்க்கும் கலவை மாதிரி இதைவிட நியாயமானது. கனடாவின் சுரங்கக் கழிவுநீர் விதி இந்த வேறுபாட்டை எண்ணிலேயே காட்டுகிறது: மிதக்கும் திடப்பொருள் ஒற்றை மாதிரியில் 30 மி.கி., கலவை மாதிரியில் 22.5, மாதச் சராசரியில் 15.

ஆற்றோட்டக் கணக்குக்கு இவை இரண்டும் போதாது. அங்கே நீரிலேயே இருந்து தொடர்ந்து அளக்கும் நேரடி உணரிகள் இல்லாமல் வேலை நடக்காது. மின்கடத்துத்திறன் உணரி நம்பகமானது. பிஎச் உணரியில்தான் தொல்லை. சுண்ணாம்பு போட்டுச் சுத்திகரித்த நீரில் ஆரஞ்சு நிற இரும்புப் படிவும் ஜிப்சமும் கண்ணாடி முனையில் அப்பிக்கொள்ளும். அப்புறம் நீர் மாறினாலும் எண் மெதுவாகத்தான் அசையும். நாட்கணக்கில் நேர்கோடாகப் போகும் பிஎச் வரைபடத்தைப் பார்த்தால், நீர் நன்றாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் உணரியைக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாமே நாம் பட்டியலிட்ட பொருளை மட்டும் காட்டும். பட்டியலில் இல்லாததைப் பிடிக்க உயிரிச் சோதனை வேண்டும். கலக்காத கழிவுநீரில் ரெயின்போ டிரவுட் மீன்களை 96 மணிநேரம் வைத்து, பாதிக்கு மேல் செத்தால் அந்த நீர் கொடியது என்கிறது கனடா விதி. முடிவு தாமதமாக வரும் என்பது உண்மைதான். ஆனாலும் எந்த வகை அனுமதியிலும் இதை விடக்கூடாது.

ஓட்டத்தை அளக்கும் மானி வைத்த ஆறு, முக்கியக் கேடு உப்பு, பக்கத்தில் பல சுரங்கங்கள் என்றால் ஆற்றோட்டக் கணக்கோடு உணரிகள். ஏரி, அணை, செலினியம், பாதரசம் என்றால் சுமை வரம்பு, கலவை மாதிரி, மீன் திசுச் சோதனை. சிறிய சுரங்கத்துக்குச் செறிவு வரம்பே போதும், நாளுக்கு இத்தனை கன மீட்டர் என்ற உச்சவரம்பும் சேர்ந்திருந்தால்.

சுரங்கம் மூடிய பிறகு என் வரிசை மாறும். கந்தகக் கனிமம் உள்ள பாறையிலிருந்து அமில நீர் பல பத்தாண்டுகள் கசியும். அப்போது உணரியைக் கழுவவோ ஆற்றைப் பார்த்து வாயிலைத் திறக்கவோ அங்கே ஆள் இருக்கமாட்டார்கள். அந்தக் காலத்துக்குத் தாங்குவது சுமை வரம்புதான். சுத்திகரிப்புச் செலவுக்கான வைப்புத்தொகையை முதல் நாள் நீர் வெளியே வருவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.