செங்காந்தளா, நிஷாகந்தியா, மனோரஞ்சிதமா, கிருஷ்ணகமலமா?

மல்லி, ரோஜா, செம்பருத்தி எல்லாம் வைத்தாயிற்று. அடுத்துப் பக்கத்து வீட்டில் இல்லாத ஒரு பூ வேண்டும் என்று தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். நாகலிங்கத்தைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. பூ அழகுதான், ஆனால் மரம் 20 மீட்டருக்கு மேல் போகும். பீரங்கிக் குண்டு மாதிரியான காய் மரத்திலிருந்து கீழே விழும். அது கோயில் வளாகத்துக்கே சரி.

நான்கிலும், கவனிக்காமல் விட்டுச் செத்த செடியைவிடக் கவனிப்பு மிஞ்சிக் கெட்ட செடியே அதிகம். எது மிஞ்சுகிறது என்பது செடிக்குச் செடி மாறும்.

மொட்டைமாடியும் பால்கனியும் மட்டுமே உள்ளவர்களுக்கு முதல் தேர்வு நிஷாகந்தி. நர்சரிகளில் பிரம்மகமலம் என்று விற்பார்கள். இமயமலையில் 3,000 மீட்டருக்கு மேல் பூக்கிற பிரம்மகமலம் வேறு செடி, நம் சமவெளியில் வளராது. நிஷாகந்தியோ மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் கள்ளி இனம். இலை போலத் தட்டையாகத் தெரிவது உண்மையில் தண்டு. மொட்டு வருவது அதன் விளிம்புப் பள்ளங்களிலிருந்துதான்.

முற்றிய தண்டில் 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நிழலில் ஒரு வாரம் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு, 4 செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஈரம் காயாமல் ஊன்றினால் அடி அழுகிவிடும். எது அடிப்பக்கம் என்று வெட்டும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக ஊன்றிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. தோட்டத்து மண் இதற்கு ஆகாது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, மட்கிய இலை உரம் 1 பங்கு, பருமணல் அல்லது கரித்துண்டு 1 பங்கு போதும். தொட்டி 8 முதல் 10 அங்குலம். பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டால் பூக்கும் என்று நினைப்பது தவறு. வேர் நெருக்கமாக இருக்கும்போதுதான் நன்றாகப் பூக்கும். தழைச்சத்து உரத்தைக் கொட்டினால் தண்டு நீளும், மொட்டு வராது. காலை வெயில் படலாம். மதிய வெயிலில் தண்டு மஞ்சளாகிச் சுருங்கும். அந்த இடத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

ஊன்றியதிலிருந்து முதல் பூவுக்கு 2 முதல் 3 ஆண்டு. மொட்டு கண்ணில் பட்ட பிறகு இரண்டு மூன்று வாரத்தில் மலரும். தொங்கிக்கொண்டிருந்த மொட்டு வளைந்து மேல்நோக்கி, பருத்து வந்தால் அன்றோ மறுநாளோ இரவு விரியும். நள்ளிரவுக்குள் முழுதாக மலர்ந்து, விடிவதற்குள் துவண்டுவிடும். இடையில் தொட்டியை இடம் மாற்றினாலோ, மண் முற்றிலும் காய்ந்தாலோ மொட்டு உதிரும். புகைப்படம் எடுக்க வசதியாகத் தொட்டியைக் கூடத்துக்குத் தூக்கிவருவதும் இதில் சேர்த்தி.

செங்காந்தள் இதற்கு நேர் எதிர். ஒரே பருவத்தில் முளைத்து, ஏறி, பூத்து, காய்ந்து மண்ணுக்குள் போய்விடும். ஆனால் பூ ஓரிரவில் முடியாது. பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி, ஆரஞ்சாகி, ரத்தச் சிவப்பாகி, ஏறத்தாழ ஒரு வாரம் நிற்கும். நான்கில் கண்ணுக்கு அதிக விருந்து இதுதான். மணம் எதிர்பார்க்காதீர்கள்.

மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அங்கே கண்வலிக்கிழங்கு என்றால்தான் சட்டென்று புரியும். கிழங்கு 'வி' வடிவில் இருக்கும். முளை ஒவ்வொரு கவட்டின் நுனியிலும்தான் வரும், நடுவில் வராது. நுனி ஒடிந்த கிழங்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 50 கிராமுக்குக் குறையாத கிழங்காக, நுனி முழுசாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஆனி, ஆடியில் நடவு. குறைந்தது 12 அங்குல ஆழத் தொட்டி. செம்மண், மணல், மட்கிய தொழு உரம் சம பங்கு. கிழங்கைப் படுக்கவைத்து 6 முதல் 8 செ.மீ. மண் மூடினால் போதும்.

இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்து ஏறுகிற கொடி இது. தடித்த மூங்கிலை அதனால் சுற்றிப் பிடிக்க முடியாது. மெல்லிய கம்பி, விளார்க்குச்சி அல்லது நைலான் வலை கட்டுங்கள், அதுவும் முளை வருவதற்கு முன்பே. வந்த பிறகு குச்சி குத்தினால் கிழங்கு உடையும். முளை ஒடிந்தால் பெரும்பாலும் அந்தக் கவட்டிலிருந்து அந்த ஆண்டு வேறு முளை வராது. கறுப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு ஒரு புழு வரும். நாலைந்து சேர்ந்தால் இலையை மொட்டையடித்துவிடும். காலையில் கையுறை போட்டுப் பொறுக்கிப் போடுவது மருந்தைவிட நல்லது.

காய் வேண்டுமென்றால் மகரந்தத்தை நீங்களே தொட்டு வைக்க வேண்டியிருக்கும். சூல்தண்டு பக்கவாட்டில் செங்கோணமாக வளைந்து மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், தானாகச் சேர்வது குறைவு. விவசாயிகள் காலை வேளையில் கையால் செய்கிற வேலை இது. பூ மட்டும் போதும் என்பவர்கள் விட்டுவிடலாம்.

தை, மாசிக்குள் கொடி காய்ந்துவிடும். இங்கேதான் பலர் செடி செத்துவிட்டது என்று பயந்து தண்ணீர் ஊற்றி, உறங்கும் கிழங்கை அழுக வைக்கிறார்கள். கொடி மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத இடத்தில் வைகாசி வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆனால் இந்தச் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். உள்ளே இருப்பது கால்சிசின். சிறிதளவே உயிரைப் பறிக்கும். சமையல் கிழங்கு என்று தவறாக எடுத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இலங்கையிலும் இங்கும் உண்டு. தவழும் குழந்தையோ, மண்ணைக் கிளறும் நாயோ இருக்கும் வீட்டில் இதை வைக்கவே வேண்டாம். மாநில மலர் என்ற பெருமை அதற்குப் பரிகாரம் ஆகாது. மற்ற வீடுகளிலும் கிழங்கைச் சமையலறைப் பக்கம் சேமிக்காதீர்கள். யாராவது கடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி, பேதி தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம்.

மணம்தான் முக்கியம் என்றால் பேச்சே வேண்டாம், மனோரஞ்சிதம். சீத்தாப்பழக் குடும்பத்துக் கொடி. பச்சையாக இருக்கும்வரை பூ இருப்பதே தெரியாது. மஞ்சளாக மாறும்போது பழுத்த பழ வாசனை தெருவரை வரும். நினைத்த பழத்தின் மணம் வரும் என்பதும், பாம்பை இழுக்கும் என்பதும் கேட்க நன்றாக இருக்கும் பேச்சுகள். அடர்ந்த புதரின் அடியில் குளிர்ச்சியும் எலியும் இருந்தால் பாம்பு எந்தச் செடிக்கும் வரும்.

இதற்கு நிலம் வேண்டும். 2 அடிக்கு 2 அடி குழி, கனமான தூண் அல்லது மதில். தொட்டி என்றால் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. விதை முளைக்கவே மாதக்கணக்காகும். கிளையை மண்ணில் பதித்து வேர்விட வைத்த பதியன் செடியாகக் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு ஆண்டு வேரூன்றுவதில் போகும், பூவை எதிர்பார்க்காதீர்கள். கத்தரியைக் கையில் எடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: பூக்காம்பே கொக்கியாக வளைந்து தாங்கலைப் பிடிக்கிறது. அழகுக்காகக் கொக்கிகளை வெட்டிச் சமன் செய்தால், வெட்டியது பூவைத்தான்.

கிருஷ்ணகமலம் நான்கிலும் சுலபம், அதனாலேயே தொல்லையும். நான்கு கணு உள்ள தண்டுத்துண்டு மழைக்காலத்தில் எளிதில் வேர்விடும். 5 மணி நேர வெயிலும் 14 அங்குலத் தொட்டியும் இருந்தால் ஓராண்டுக்குள்ளேயே பூக்கலாம். ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுள், ஆனால் அடுத்தடுத்து வரும். தரையில் வைத்தால் பக்கக் கன்றுகள் பாத்தி தாண்டி முளைக்கும். செம்பழுப்பு நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி இதில் முட்டையிடும். முள் முளைத்த புழுக்கள் இலையைத் தின்னும். கொடி பெரிதாக இருந்தால் விட்டுவிடலாம், மறுபடி தழைத்துக்கொள்ளும்.

கடைசியாக வாங்கும் இடம். நிஷாகந்திக்கு விதைப் பொட்டலம் என்று இணையத்தில் விற்பதைத் தொடாதீர்கள். வளர்ப்பவர் யாரையாவது கேட்டால் ஒரு தண்டு சும்மாவே தருவார்கள். இன்றே ஊன்ற வேண்டும் என்ற அவசரமும் இல்லை, எப்படியும் ஒரு வாரம் காய வேண்டியதுதான்.